கமராவுக்கு ஒரு நெற்றி

பன்விலைக்கு மேலே ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. முந்தாநாள் அங்கிருந்து தினேஷ் எனக்குப் போன் எடுத்தான். நான் வேலை செய்த கடையில் இப்போது அவன்தான் மூத்த ஆள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பழைய கமராக்களைக் கழற்றிவிட்டு, வயர் இல்லாத புதிய கமராக்களைப் பூட்டப் போயிருந்தான்.

"அண்ணே, இங்க ஒவ்வொரு உருண்டை கெமராவுக்கும் மேல ஒரு ஜங்ஷன் பொக்ஸ் மூடிய வெறுமனே அடிச்சு வெச்சிருக்கு. பின்னால பொக்ஸும் இல்ல, வயரும் இல்ல. கழட்டி வீசிறவா?"

"கை வெச்சேன்னா மலையேறி வந்து அடிப்பேன்" என்றேன்.

"அப்ப என்னத்துக்குண்ணே அது?"

"நெத்தி."

"அண்ணே, முழங்காலுக்குக் குடிக்கிற மருந்து ஒத்துக்கலயா?" என்று கேட்டான்.

போனில் இதைச் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும். கடையில் வேலை செய்கிற எல்லோரும் படியுங்கள். படித்த பிறகும் எவனாவது அந்த மூடியைக் கழற்றினால் அவனோடு எனக்குப் பேச்சில்லை.

நான் பன்விலைத் தேயிலைத் தோட்டத்து லய அறையில் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் டெலிபோன் கம்பத்துக்குக் குழி வெட்டினேன். பிறகு கம்பத்தில் ஏறினேன். பிறகு கண்டியில் நளீம் நானாவின் கடையில் சேர்ந்தேன். சந்துக்குள் சின்னக் கடை. முன்னால் அன்டெனா விற்பார், பின்னால் பழுது பார்ப்பார். கமரா வந்ததும் அவர் கமராவுக்கு மாறினார், நானும் மாறினேன். வேலை பழகின கதை அவ்வளவுதான்.

நகைக்கடைக்குக் கமரா பூட்டத் தெரிந்தவனெல்லாம் கொட்டகைக்கும் பூட்டுவேன் என்று வருகிறான். அவனைக் கண்டால் எனக்கு எரியும். கடுகண்ணாவையில் ஒரு கோழிப் பண்ணைக்கு எங்களுக்கு முன்னே அப்படி ஒருவன் பூட்டிவிட்டுப் போயிருந்தான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லாப் படமும் செத்துவிட்டது. நான் போய் வயரின் தலையைக் கையில் எடுத்தேன். பச்சையாகப் பூத்து உதிர்ந்தது. கோழி எச்சத்தின் காரம் நம் கண்ணை எரிக்கும், செம்பைத் தின்னும். கொட்டகைக்குள் இணைப்பே இருக்கக் கூடாது. வயர் ஒரே ஓட்டமாக வெளியே வந்து, வெளிச்சுவரில் மூடின பெட்டிக்குள்தான் இணைய வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் வயரில் கீழ்நோக்கி ஒரு தொய்வு விட வேண்டும். மழைநீர் வயரோடு ஓடிவந்து அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. இதைச் சொன்னால் "அசிங்கமா தொங்குது, இழுத்துக் கட்டுங்க" என்று சொல்கிற முதலாளிமார் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். நளீம் நானா சண்டை போட மாட்டார். "தொங்கட்டும் முதலாளி, அதுதான் அதுட அழகு" என்பார். முதலாளி சிரித்துவிடுவார். தொய்வு தொங்கும்.

அவர் அப்படித்தான். உயரமான ஆள், மெல்லிய குரல். நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பட்டியில், வயரைக் குழாய்க்குள் போடும் முன்னே நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது ஆடுகள் வயரில் பாதியைக் கடித்து முடித்திருந்தன. நான் ஆட்டுக்குக் கேட்கிற மாதிரி கெட்ட வார்த்தை பேசினேன். நானா, "தேத்தண்ணிக்குக் கடிக்க அதுகளுக்கும் என்னமாச்சும் வேணும்தானே" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் புது வயர் எடுக்கப் போனார்.

வேலைத் தலத்துக்குப் போனால் அவர் உடனே ஏணியை இறக்க விட மாட்டார். முதலில் கொட்டகைக்குள் போய் ஒரு கவிழ்த்த வாளியில் சும்மா உட்காருவார். மாடு அவரைப் பார்க்கும், அவர் மாட்டைப் பார்ப்பார். "அதுகள்ட வீட்டுல ஓட்ட போடப் போறோம், மொகத்தயாச்சும் காட்டிட்டுப் போடுவம்" என்பார். பைத்தியம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பழகாத ஆள் டிரில் சத்தம் போட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்று பிறகுதான் கண்ணால் கண்டேன்.

பழுது என்று கூப்பிட்டால், எல்லோரும் கைகாட்டுகிற கமராவுக்கு அவர் போக மாட்டார். ஆகத் தூரத்தில் இருக்கிறதிலிருந்து தொடங்குவார். பழுதானதை ஏற்கெனவே ஆளுக்கு ஆள் தொட்டுக் குழப்பியிருப்பார்களாம். யாரும் தொடாததுதான் உண்மை சொல்லுமாம்.

இன்னும் ஒன்று. எந்த வீட்டு வாசலும் படத்தில் வரக் கூடாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு வாசலிலும் அவரே போய் நிற்பார். நான் திரையைப் பார்த்து, அவர் தெரிகிறாரா இல்லையா என்று கத்த வேண்டும்.

இனிப் பன்விலைக் கதை.

பண்ணையின் சொந்தக்காரர் ரத்னம் முதலாளி. நாவலப்பிட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கையில் இருந்த எல்லாவற்றையும் மாட்டில் போட்டார். குடியிருப்பது கண்டியில். பண்ணையைப் பார்த்துக்கொண்டது பவளம் அக்காவும் அவர் புருசன் பெரியசாமியும். பெரியசாமிக்கு மலைச்சரிவில் விழுந்து இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்தபடி புல் நறுக்குவார், அவ்வளவுதான். பால் கறப்பது, சாணி அள்ளுவது, கன்று வளர்ப்பது எல்லாம் அக்கா. கொட்டகையோடு ஒட்டின ஓர் அறையில் இருந்தார்கள். தோட்டத்து லய அறையைப் பெரியசாமியின் தம்பி குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்கள். அந்த அறையை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

நாங்கள் கமரா பூட்டப் போன அன்று மழை. வெளியே குழல் கமரா. அதன் தலைக்கு மேலே மழை படாமல் தொப்பி போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே, கறவைப் பக்கமும் கன்றுக் கூண்டுப் பக்கமும், உருண்டைக் கமரா. கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

நான் குழல் கமராவைப் பூட்டும்போது அக்கா ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, இதுக்கு கண்ணு எது?"

"இந்தக் கண்ணாடிதாங்க்கா."

"மேல நீட்டிக்கிட்டு இருக்கே, அது?"

"அது நெத்தின்னு வெச்சுக்கங்க. மழத்தண்ணி கண்ணுல எறங்காம தடுக்குது."

"மொகம் அப்படியே எங்க தோட்டத்துப் பழைய கங்காணி மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பெரியசாமி உள்ளேயிருந்து, "கங்காணிக்கு ரெண்டு கண்ணு, அதுல ஒண்ணு தூங்கும். இது தூங்காது புள்ள, பாத்து நட" என்றார்.

முற்றத்துக் கமராவை எங்கே திருப்புவது என்பதில் ஒரு பேச்சு வந்தது. ரத்னம் முதலாளி குடை பிடித்து நின்றபடி நானாவிடம், "அவங்க அறைக் கதவும் தெரியிற மாதிரி வைங்க ஹாஜியார். யாரு வாறாங்க, யாரு போறாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

"அது வீட்டு வாசல் முதலாளி."

"என்னோட எடம்தானே?"

"எடம் ஒங்கட. வாசல் அவங்கட" என்றார் நானா.

அவ்வளவுதான் பேசினார். பிறகு மழையில் நனைந்தபடி போய் அந்த வாசலில் நின்றார். நான் ஏணியில் நின்று கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அவர் படத்திலிருந்து மறையும் வரைக்கும் திருப்பினேன். வாசல் போய், அந்த இடத்தில் கீழ்க் கேட் வந்தது. முற்றத்துக்குக் கீழே, பழைய தேயிலைக் காட்டுக்குப் போகிற சின்னக் கேட் அது. வண்டிச் சக்கரத்தின் இரும்பு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும், விட்டால் அந்தப் பாரத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

ரத்னம் முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் போனை எடுத்துப் பார்த்தார். அந்த மலையில் சிக்னல் மோசம். அவருடைய போனில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் வரும். பழைய பதிவைப் போனில் பார்க்க முடியாது. பார்ப்பதென்றால் பண்ணைக்கு வந்து, தீவன அறை அலுமாரிக்குள் இருக்கிற பெட்டியைத் திறக்க வேண்டும். அலுமாரிச் சாவி அவரிடம்தான்.

அடுத்த ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போன் எடுத்தார். கன்றுக்குட்டியைக் காணவில்லை.

அது சும்மா கன்று இல்லை. அந்தப் பண்ணையிலேயே பிறந்த முதல் பெண் கன்று. பிறக்கும்போது கால் மடங்கி நின்றதாம், அக்காதான் கையை விட்டுத் திருப்பி எடுத்தாராம். தாய் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கா போத்தலில் பால் கொடுத்து வளர்த்தார். சிட்டு என்று பெயர் வைத்தார். ரத்னம் முதலாளி தன் போனில் ஆசையாகப் பார்க்கிற படமும் அந்தக் கன்றுக் கூண்டுதான்.

பூசை அன்று பின்னேரம் அந்தப் படம் மஞ்சளாக மங்கிப்போனது. கறவைப் பக்கத்துப் படமும் அப்படியே. பொழுது சாய்கிற நேரம் அக்கா போன் எடுத்து, கன்றைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அழுதிருக்கிறார். இவர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

நாங்கள் போனபோது அறைக்கு வெளியே சட்டி பானைகள் கிடந்தன. துணி மூட்டை ஒன்று கிடந்தது. பெரியசாமி மூட்டைக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா கொட்டகைக்குள் பால் கறந்துகொண்டிருந்தார். வேலையை விட்டுப் போகச் சொன்ன பிறகும் கறக்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்னக்கா இது?" என்றேன்.

"மடி கட்டிக்கிட்டு நிக்கிதே தம்பி. அதுக்குத் தெரியுமா நம்ம சண்ட?" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் வீங்கியிருந்தது.

ரத்னம் முதலாளி முற்றத்தில் நின்றார். அவரும் தூங்காத மாதிரித்தான் இருந்தார்.

"பாருங்க ஹாஜியார், உள்ளுக்குள்ள ரெண்டு கெமராவையும் சந்தனத்தப் பூசி மூடிட்டாங்க. பூசைன்னு பேரு. மூடிட்டு பால் வண்டிக்காரனோட சேந்து கன்னுக்குட்டிய ஏத்தி அனுப்பிட்டாங்க. கேட்டெல்லாம் மூடித்தான் கெடக்கு, கன்னுக்குட்டி என்ன பறந்தா போகும்? வேணுமின்னே மூடினதுன்னு ஒங்க கடைக் கடதாசியில எழுதிக் குடுங்க. பொலிசுக்குப் போறேன்."

"ஒங்க கடையில தராசுக்குப் பொட்டு வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"வெப்போம். தட்டுலயா வெப்போம்? தண்டுல வெப்போம். பொட்டு வெக்கிறவ கண்ணுலயா வெப்பா? நெத்தியிலதானே வெப்பா?"

"தோட்டத்து ஆளுன்னா ஒடனே கள்ளனா ஒங்களுக்கு? நீங்களும் எங்கேயிருந்து வந்தீங்கன்னு..."

"செல்வம்" என்றார் நானா. "ஏணிய எடு."

"நானா, இந்தாளு..."

"ஏணிய எடு. முதலாளி, எழுதுறதுக்கு முன்னுக்குப் பாக்கணும். பாக்காம எழுத ஏலா. நாங்க பாக்கிற மட்டும் தேத்தண்ணி ஒண்ணு குடிச்சிட்டு ஈங்க. காலையில ஒண்டும் குடிக்கல்லதானே?"

ரத்னம் முதலாளி மங்கிப்போன கமராக்கள் பக்கம் நடந்தார். நானா எதிர்ப்பக்கம் நடந்தார். ஆகத் தூரத்தில் இருந்தது முற்றத்துக் கமரா. நான் ஏணி வைத்து ஏறினேன்.

கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த தகட்டின் நடுவில், அளவாக, வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். ஒரு சொட்டும் கண்ணாடியில் வழியவில்லை. தகட்டுக்குப் பின்னால் ஒரு செவ்வரத்தம்பூ செருகியிருந்தது.

"என்னா ஈக்கிது?" என்றார் நானா கீழேயிருந்து.

"நெத்தியில பொட்டு நானா" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அது நெற்றி என்று அவருக்குச் சொன்னது நான்தான். வெளியே இருந்த மற்றக் குழல் கமராவிலும் ஏறிப் பார்த்தேன். அதிலும் நெற்றியில் பொட்டு, கண் சுத்தம். பிறகு உள்ளே போய்க் கன்றுக் கூண்டுக்கு மேலே ஏறினேன். உருண்டைக் கமரா. தகடு இல்லை, தொப்பி இல்லை. கிண்ணத்தின் நட்ட நடுவில் அதே அளவு சந்தனம், அதே குங்குமம். கறவைப் பக்கத்திலும் அப்படியே.

நான் இறங்கி அக்காவிடம் போனேன். "இது ரெண்டுக்கும் ஏங்க்கா நடுவுல வெச்சீங்க?"

"கண்ணுல வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? வாளிய கவுத்துப் போட்டு ஏறி, நெத்தி எங்க, நெத்தி எங்கன்னு சுத்திச் சுத்தித் தேடுனேன். உருண்டையா இருக்கு. என்ன செய்ய? அருவாளுக்கு வெச்சாச்சு, மம்பட்டிக்கு வெச்சாச்சு, பால் கேனுக்கு வெச்சாச்சு. இத மட்டும் விட மனசு வரல. அதுவும் எங்களோட ராப்பகலா வேல செய்யிதுதானே?"

ரத்னம் முதலாளி கேட்டுக்கொண்டுதான் நின்றார். "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. கன்னுக்குட்டி எங்க?" என்றார். ஆனால் குரல் முன்னைப் போல இல்லை.

"சாவியக் கொண்டாங்க முதலாளி" என்றார் நானா. "கண்ணத் தொறந்துகொண்டு நிண்ட கெமரா ரெண்டு ஈக்கிது. அதுக்கிட்டக் கேப்பம்."

தீவன அறையில் ஒரு கதிரைதான் இருந்தது. நானா அதில் ரத்னம் முதலாளியை உட்காரவைத்தார். நான் பெட்டியைத் திறந்து முற்றத்துக் கமராவின் பதிவை ஓடவிட்டேன். பூசை நேரம். பால் வண்டி முற்றத்தில் நிற்கிறது. சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்திருக்கிறார்கள். பெரியசாமி தடியை ஊன்றி நிற்கிறார். அக்கா புதுச் சேலையில் கற்பூரத் தட்டோடு நிற்கிறார், முதுகு கமராவுக்கு. பால் வண்டிக்காரன் பட்டாசுக் கட்டைக் கொளுத்தி எறிகிறான். படத்தில் சத்தம் கிடையாது. புகைதான் தெரிகிறது.

புகைக்குப் பின்னால், படத்தின் ஆக ஓரத்தில், கறுப்பும் வெள்ளையுமாக என்னமோ பாய்ந்தது.

நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். கன்று. கூண்டுக் கம்பியைத் தாண்டி வந்திருக்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு கீழ்க் கேட்டில் போய் மோதுகிறது. கேட் திறக்கிறது. கன்று வெளியே. கேட் மெதுவாகத் தானாக மூடிக்கொள்கிறது. எல்லோரும் வண்டிச் சில்லு தேசிக்காயில் ஏறுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"நாங்க ரோட்டுப் பக்கம்தானே தேடுனோம்" என்றார் அக்கா. பால் வாளியோடு வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியாது. "அந்தக் கேட்டு மூடிக் கெடந்துச்சே. அங்கிட்டுப் போகும்னு நெனைக்கலியே."

வாளியை வைத்துவிட்டு ஓடினார். நாங்களும் ஓடினோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் கவ்வாத்து வெட்டாத தேயிலை ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அதற்குள் தண்ணீர் ஓட வெட்டின பழைய கான்கள். காலெல்லாம் அட்டை ஏறியது. அக்கா கறவை நேரத்தில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"பா... பா... சிட்டூ... பா..."

நின்று கேட்போம். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் இறங்குவோம். மறுபடி கூப்பிடுவார். குரல் உடைந்துபோய்த்தான் வந்தது. ரத்னம் முதலாளி என் பக்கத்தில் நின்றார். "ஒரு ராத்திரி முழுக்க... சிறுத்தப் புலி இருக்கிற காடுங்க இது" என்று முணுமுணுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஆள் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கே போனது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

"பா... பா..."

கீழேயிருந்து கட்டைக் குரலில் ஒரு பதில் வந்தது.

ஆழமான கானுக்குள் சேற்றில் முன்னங்கால் புதைந்து சிட்டு கிடந்தது. காதெல்லாம் அட்டை. அக்கா இறங்குவதற்குள் ரத்னம் முதலாளி சப்பாத்தோடு கானுக்குள் குதித்துவிட்டார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். அக்கா அதன் மூக்கைத் தன் சேலையால் துடைத்தார். அது அவருடைய விரலை வாயில் வாங்கிச் சப்ப ஆரம்பித்தது. மேலே நின்ற நானா திரும்பிக்கொண்டு தன் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ரத்னம் முதலாளி சேறும் ரத்தமுமாகக் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஏறி வந்தார். மூட்டையையும் சட்டி பானையையும் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா பவளம்?" என்றார்.

"சொன்னேன் முதலாளி. நீங்க கேக்கல."

முதலாளி கன்றைக் கூண்டில் விட்டார். பிறகு போய்த் துணி மூட்டையை எடுத்தார். பெரியசாமி, "விடுங்க முதலாளி, நான்..." என்று எழும்பப் பார்த்தார். "இருங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு அவரே மூட்டையை அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். சட்டி பானைகளையும் ஒவ்வொன்றாக அவரே எடுத்து வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அடுக்கும்போது எதை எங்கே வைப்பது என்று அக்காவைக் கேட்டுக் கேட்டு வைத்தார்.

நான் உருண்டைக் கமராவில் காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைக்கப் போனேன். நானா தடுத்தார். காய்ந்ததை அப்படியே தேய்த்தால் கிண்ணம் கீறும். தன் லேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துச் சந்தனத்தின் மேல் வைத்து, அது ஊறும் வரைக்கும் ஏணியில் நின்றார். பிறகு அழுத்தாமல் ஒற்றி எடுத்தார். இரண்டையும் அப்படிச் செய்தார். படம் தெளிந்தது.

"இனி கெமராவுக்குப் பொட்டு வெக்கலங்க ஹாஜியார்" என்றார் அக்கா. "என்னால எல்லாருக்கும் தொல்ல."

நானா வேனுக்குப் போனார். ஜங்ஷன் பொக்ஸ் மூடிகள் இரண்டு, வெள்ளை, வட்டம், உள்ளங்கையளவு. கொண்டுவந்தார். கன்றுக் கூண்டுக் கமராவுக்கு மேலே ஒன்றை வைத்துப் பிடித்து, தள்ளி நின்று பார்த்து, நகர்த்தி, மறுபடி பார்த்தார். கமரா பூட்டும்போதுகூட அவ்வளவு பார்த்ததில்லை. பிறகு இறுக்கினார். கறவைப் பக்கமும் அப்படியே.

"இது நெத்தி தங்கச்சி. வாற வருசம் இங்க வைங்க."

அக்கா மூடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு அவல் தட்டோடுதான் வெளியே வந்தார்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "நானா, நம்ம பூசைக்கு நீங்க என்னத்துக்கு நெத்தி அடிச்சுக் குடுக்குறீங்க?"

"கண் ஈக்கிற எல்லாத்துக்கும் அதுக்கு மேல நெத்தி ஈக்கிதுதானே செல்வம். அந்த கொம்பனிக்காரனுக்கு வெக்க மறந்து போச்சு. நாங்க வெச்சோம்" என்றார். பிறகு, "நீ மனிசன்ட மொகத்துக்கு நேர கத்தாத. பாத்துட்டுக் கத்து" என்றார். அதை மட்டும் நான் இன்னும் பழகவில்லை.

அதற்குப் பிறகு நம்மவர்கள் வேலை செய்கிற எந்தக் கொட்டகைக்குப் போனாலும் உருண்டைக் கமராவுக்கு மேலே ஒரு மூடி அடித்துவிட்டுத்தான் வந்தோம். அதற்காக நானா தனிப் பெட்டியே வேனில் வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகும் நான் அடித்தேன். பொடியன்கள் வேனில் சாமான் ஏற்றும் நேரத்தில் நானே ஏறி அடித்துவிடுவேன், அதனால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் எந்தப் பண்ணையிலிருந்தும் படம் மங்கிவிட்டது என்று போனும் வந்ததில்லை.

அன்று தினேஷ் போனை வைக்கவில்லை. யாரோ பிடுங்கிய சத்தம் கேட்டது.

"தம்பி, நான் பவளம். ஒங்க ஆளு நெத்தியக் கழட்டப் பாக்குறாரு."

"மாட்டான்க்கா. சொல்லிட்டேன். சிட்டு எப்படி இருக்கு?"

"அது பாட்டியாயிருச்சு தம்பி. அதோட பேத்திதான் இப்ப கூண்டுல நிக்கிது. ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல புதுசா ஒரு கெமரா பூட்டுறாங்க. அவரால எழும்ப முடியல, நான் கொட்டகையில இருந்து பாத்துக்கிடலாம்னு முதலாளிதான் எங்கிட்டக் கேட்டுட்டுப் போடச் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். அதுக்கு மட்டும் நெத்தி இல்ல."

புதுக் கமராக்களோடு அந்த மூடி வருவதில்லை. கடையிலும் இல்லையாம். நானா வைத்திருந்த பெட்டி என் வீட்டில் இருக்கிறது. அதில் இன்னும் கொஞ்ச மூடிகள் கிடக்கின்றன. இதை எழுதி முடித்ததும் பன்விலை பஸ்ஸில் ஒன்றைக் கொண்டுபோகிறேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏற முடியாது. தினேஷ் ஏறட்டும்.

தினேஷ், அந்தப் புதுக் கமராவை நீ கூரையோடு ஒட்டிப் பூட்டப் பார்ப்பாய். அங்கேதான் நன்றாகத் தெரியும் என்று நானே உனக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றைக் கீழே இறக்கிப் பூட்டு. படத்தில் ஒரு மூலை வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டும். அக்கா இனி வாளியில் ஏற மாட்டார். நெற்றி அவர் கைக்கு எட்ட வேண்டும்.